நாற்பதாவது இடம் காலி

வரிசையில் நின்றிருந்த ஓர் அம்மாவின் காலடியில் வந்து விழுந்தான் அந்தப் பையன்.

'தொம்' என்று ஒரு சத்தம்.

அதற்குப் பிறகுதான் அந்த அம்மா அலறினாள். அலறல் மூன்று மாடிக்கும் கேட்டது!

காலை மணி ஒன்பதரை. பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைக் கட்டிடம். படிகள் சுவரை ஒட்டிச் சுற்றிச் சுற்றி ஏற, நடுவில் மேலிருந்து கீழ்வரை வெற்றிடம். அதன் அடியில், சான்றிதழ் சரிபார்க்க வந்தவர்களின் வரிசை. அந்த வரிசைக்கு நடுவில்... ரத்தம்.

இன்ஸ்பெக்டர் பன்னிரண்டாவது நிமிஷத்தில் வந்து சேர்ந்தார். பெண்மணி. நாற்பத்து மூன்று வயசு. கோபம் எப்போதும் மூக்கு நுனியில் இருக்கும்.

"யாரு பையன்?"

ஏட்டு நோட்டைப் புரட்டினார். "நாற்பது, மேடம்."

"வயசையா கேட்டேன்?"

"ரேங்க் மேடம். நாற்பதாவது ரேங்க். எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. பேர் கேட்டா முழிக்கிறாங்க."

இன்ஸ்பெக்டர் நோட்டீஸ் போர்டைப் பார்த்தார்.

நாற்பது விண்ணப்ப எண்கள். கீழே ஒரு தடித்த கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். இயற்பியல் பட்டப்படிப்புக்கு விண்ணப்பம் போட்டவர்கள் ஐயாயிரத்து இருநூறு பேர். இடம் நாற்பது. நாற்பதாவது மார்க் 197.50. நாற்பத்தொன்றாவது 197.25. நாற்பத்திரண்டாவது 197.00.

இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றேழு வாங்கிய பிள்ளையை 'வெளியே நில்' என்று சொல்கிற கோடு அது. அந்தக் கோட்டைப் போட்டவர்கள் ராத்திரி நன்றாகத் தூங்கியிருப்பார்கள்.

"தானா விழுந்தானா, தள்ளிட்டாங்களா?"

"கைப்பிடிச் சுவர் இடுப்பு உயரம் மேடம். தானா விழ முடியாது. குதிச்சிருக்கலாம். ஆனா குதிக்கிறவன் சட்டைக் காலரைத் தானே கிழிச்சுக்க மாட்டான்."

காலர் பின்பக்கம் கிழிந்து தொங்கியது.

"பை?"

"ரெண்டாவது மாடியில கிடக்கு. பக்கத்துல ஒரு பொண்ணு உக்காந்திருக்கு. காலையில எட்டு மணியிலேர்ந்து அங்கேதான் இருந்துச்சாம்."

"யாரு அந்தப் பொண்ணு?"

ஏட்டு கொஞ்சம் தயங்கினார்.

"நாற்பத்தொண்ணு, மேடம்."

* * *

ஒல்லியான பெண். பள்ளிக்கூட ஷூ. மடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் மார்க் ஷீட்டுகள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

"உன் பக்கத்துல அவன் பை எப்படி வந்தது?"

"தெரியாது மேடம். நான் முகம் கழுவப் போயிருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தேன். வந்தப்போ பை இங்க கிடந்துச்சு."

"அவன்கூட பேசினியா?"

"ஒன்பதேகால் இருக்கும். அவனா வந்து பேசினான்."

"என்ன பேசினான்?"

"'அழாத, உனக்குக் கண்டிப்பா கிடைச்சிடும்'னான்."

"அவன் ஒதுங்கினாத்தானே உனக்குக் கிடைக்கும். அப்புறம் எப்படி அவனே வந்து அப்படிச் சொல்லுவான்?"

"எனக்கும் அதான் புரியல மேடம். கேக்கிறதுக்குள்ள மேல போயிட்டான்."

'மேல' என்ற அந்த வார்த்தை இன்ஸ்பெக்டரின் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை. மூன்றாவது மாடியில் சிமென்ட் பூச்சு வேலை; அன்றைக்கு ஆட்கள் வரவில்லை. படியின் வாயிலில் கயிறு கட்டி 'வராதே' என்று அட்டை தொங்கவிட்டிருந்தார்கள். அங்கே யார் போவார்?

வாட்ச்மேனோ அடித்துச் சொன்னார்.

"நான் கண்ணால பார்த்தேம்மா. இந்தப் பொண்ணும் அந்தத் தம்பியும் நின்னு பேசிக்கிட்டிருந்தாங்க. பொண்ணு அழுதுச்சு. மாடியில வேற யாரும் கண்ணுல படலை."

காரணம் இருக்கிறது. பை இருக்கிறது. சாட்சி இருக்கிறது. இன்ஸ்பெக்டர் தலையசைத்தார்.

"ஜீப்புல ஏத்துங்க."

அப்போதுதான் அந்தப் பெண் முதல்முறையாகக் குரலை உயர்த்தினாள்.

"மேடம், அஞ்சு மணிக்குள்ள நான் இங்க இருக்கணும். காலியிடம் வந்தா நேர்ல வந்து கையெழுத்து போடணும். அஞ்சு மணி தாண்டிட்டா அடுத்த நம்பருக்குக் குடுத்துடுவாங்க. எங்கப்பா பஸ் ஓட்டறார். இன்னொரு வருஷம் என்னைப் படிக்க வைக்க அவரால முடியாது."

"ஒரு பையன் செத்துக் கிடக்கான். உனக்கு சீட்டா முக்கியம்?"

அவள் மார்க் ஷீட் கவரை மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினாலு வருஷமாக அவளுக்கு எல்லோரும் சேர்ந்து சொல்லிக்கொடுத்தது அந்த ஒன்றைத்தானே!

* * *

பகல் பன்னிரண்டு. கீழ்த்தள ஆய்வுக்கூடம்.

ஸ்டூலில் உட்கார்ந்து கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தவர் ஒரு டியூஷன் மாஸ்டர். ஊரிலேயே பெரிய நுழைவுத்தேர்வுப் பயிற்சி நிலையம் அவருடையது. பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் டெசிமல் சார். விடையில் இரண்டாவது தசம இலக்கம் தப்பினால் மொத்தக் கணக்கையும் அடித்துவிடுவார்.

"செத்தவன், பிடிபட்டவ ரெண்டு பேருமே உங்க ஸ்டூடன்ட்ஸாமே, சார்?"

"ரெண்டு பேருமே என் பிள்ளைங்க மாதிரி மேடம். விஷயம் கேள்விப்பட்டதும் பத்து மணிக்கு அப்படியே ஓடி வந்தேன். போனைக் கூட சென்டர்லயே விட்டுட்டு வந்துட்டேன். வேணும்னா டவர் பாத்துக்குங்க, அங்கேதான் காட்டும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். டவரைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

"அந்தப் பொண்ணு எப்படி சார்?"

"நல்ல பொண்ணுதான். ஆனா பிடிவாதம் ஜாஸ்தி. சீட் கிடைக்கலைன்னா என்ன பண்ணுவான்னு எனக்கே பயமா இருந்துச்சு." பெருமூச்சு விட்டார். "கால் மார்க் மேடம். கால் மார்க்குல போச்சு."

"எனக்கு ஒண்ணு இடிக்குது சார். அவ்வளவு பேர் கீழ நின்னாங்க. பையன் கத்தினதை ஒருத்தர்கூட கேக்கலை. மாடியிலேர்ந்து விழறப்போ கத்தக்கூடவா நேரமிருக்காது?"

மாஸ்டர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார்.

"எங்கே மேடம்? மொத்தமே ஒண்ணு புள்ளி நாலு ஆறு செகண்ட். மூச்சை இழுக்கறதுக்குள்ள தரை வந்துடும்."

"ஓ..."

"காத்தோட தடையைக் கணக்குல எடுக்கலை. எடுத்தாலும் பெரிசா மாறாது."

செத்தவன் அவரிடம் இரண்டு வருஷம் படித்தவன். அவன் விழுந்ததற்கும் ஒரு விடை. அதற்கும் இரண்டு தசம இலக்கம்.  போலீஸ் பழக்கம்... இன்ஸ்பெக்டர் எண்ணைக் குறித்துக்கொண்டார்.

* * *

பிற்பகல் மூன்றரை. ஸ்டேஷன்.

பிரேதப் பரிசோதனை, சாட்சிகளின் கையெழுத்து, மேலதிகாரியின் தொல்லை, நிருபர்களின் தொல்லை எல்லாம் முடித்து இன்ஸ்பெக்டர் வந்தபோது, அந்தப் பெண் பெஞ்சில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாப்பிட்டியா?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருக்கு மேடம்."

"சாப்பிட்டியான்னு கேட்டேன்."

"வேணாம்."

இன்ஸ்பெக்டர் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னவோ நெருடியது. இந்தப் பெண் ஏன் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை?

"நீ பெரிய பிசிக்ஸ் புலியாமே. அந்த ரெண்டாவது மாடியிலேர்ந்து ஒருத்தன் விழுந்தா தரைக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் கண்ணில் சட்டென்று நீர் கட்டியது. ஆனாலும் உதடு தானாக முணுமுணுத்தது.

"ஒண்ணு புள்ளி ரெண்டு பூஜ்யம்."

"செகண்டா?"

"ஆமா மேடம்."

"தப்பு. ஒண்ணு புள்ளி நாலு ஆறு."

"இல்ல மேடம். மாடிக்கு மூணரை மீட்டர், ரெண்டாவது மாடி ஏழு மீட்டர். சுவர்லயே பெயின்ட்ல எழுதியிருக்கு. படிக்கு நடுவுல கிணறு மாதிரி இருக்கிற அந்த வெற்றிடத்துலதான் முதல் வருஷப் பசங்க இரும்புக் குண்டைப் போட்டு, விழற நேரத்தை எடுப்பாங்க. காலையிலேர்ந்து அந்த ஏழையேதான் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன்."

"உங்க டெசிமல் சாரே சொன்னாரும்மா. ஒண்ணு புள்ளி நாலு ஆறுன்னு."

"சாரா?" அவள் நம்பாமல் பார்த்தாள். "சார் தப்பாவே சொல்ல மாட்டார் மேடம். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ரெண்டாவது டெசிமல் வரைக்கும் சரியா இருக்கும்."

"அப்போ நீ சொன்னது தப்பு."

"ரெண்டுமே சரிதான் மேடம். சார் சொன்னது பத்தரை மீட்டருக்கு." அவள் விரலால் காற்றில் ஒரு கோடு இழுத்தாள். "அது மூணாவது மாடி."



இன்ஸ்பெக்டர் மெல்ல எழுந்தார். பை கிடந்தது இரண்டாவது மாடியில். ஊர் முழுக்கப் பேசிக்கொள்வது இரண்டாவது மாடி. போலீஸே எழுதிவைத்திருப்பது இரண்டாவது மாடி. அந்த ஆள் மட்டும் எப்படி மூன்றாவது மாடியிலிருந்து கணக்குப் போட்டார்?

"ஏட்டய்யா, அந்த லிஸ்ட்டுல நாற்பத்திரண்டு யாருன்னு பார்த்தீங்களா?"

"இல்லையே மேடம். கொலையால லாபம் நாற்பத்தொண்ணுக்குத்தானேன்னு..."

"ஒருத்தன் செத்து, இன்னொருத்தி உள்ள போனா, லாபம் யாருக்கு? யுனிவர்சிட்டி கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போன் போடுங்க."

ஏட்டு போன் போட்டார். இரண்டு நிமிஷம் 'ம்... ம்...' என்றார். வைத்தபோது முகம் மாறியிருந்தது.

"நாற்பத்திரண்டும் ஒரு பொண்ணு மேடம். அப்பா தொழில்னு போட்டிருக்கிற இடத்துல... டியூஷன் நடத்துறார்னு இருக்கு."

* * *

மணி நாலு பத்து. மூன்றாவது மாடி.

கயிற்றைத் தாண்டி ஏறினார்கள். படியெல்லாம் மாவு அரைத்துக் கொட்டின மாதிரி சிமென்ட் தூசி. ஏட்டு குனிந்து டார்ச் அடித்தார்.

"ஏறினது ரெண்டு ஜோடி கால் மேடம்."

"இறங்கினது?"

"ஒரு ஜோடி."

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார். காலையிலேயே இந்தப் பதினெட்டுப் படியை ஏறியிருந்தால் ஒரு பெண் ஆறு மணி நேரம் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டாம். தன் மேல் வந்த கோபம்தான் அன்றைக்கு அவருக்கு வந்ததிலேயே பெரியது.

"ஏட்டய்யா, எங்க அந்த ஆள்?"

"எதிர்க் கட்டிடத்துல மேடம். ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் ஜன்னலுக்கு முன்னாடி பெஞ்சுல உக்காந்திருக்கார். காலியிடத்துக்கு அங்கேதான் கூப்பிடுவாங்களாம். மத்தியானத்துலேர்ந்து நகரவே இல்ல."

"அந்தப் பொண்ணையும் அங்க கூட்டிட்டு வாங்க. சைரன் போட்டுட்டு வாங்க."

* * *

மணி நாலு முப்பத்தெட்டு.

நாற்பத்தொன்று நடந்து வருவதைப் பார்த்ததும் டெசிமல் சாரின் முகம் வெளுத்தது. அவளுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். அவருக்குப் பின்னால் ஏட்டு.

"என்ன மேடம், இந்தப் பொண்ணை விட்டுட்டீங்களா?"

"உங்க கணக்குதான் சார் விட வெச்சுது. ஒண்ணு புள்ளி நாலு ஆறு. மூணாவது மாடின்னு உங்களுக்கு யார் சொன்னா?"

"நான்... சும்மா ஒரு பொதுவா..."

"உங்க வாழ்க்கையில என்னைக்காவது பொதுவா விடை சொல்லியிருக்கீங்களா?"

அவர் உதட்டை நனைத்துக்கொண்டார்.

"நான் பத்து மணி வரைக்கும் சென்டர்ல இருந்தேன். என் போன்..."

"உங்க போன் இப்பவும் அங்கேதான் சார் இருக்கு. நீங்க இங்க இருக்கீங்க. போன் இருக்கிற இடத்துலதான் ஆள் இருப்பார்னா, நான் இப்ப யார்கிட்ட பேசிட்டிருக்கேன்?"

மாஸ்டர் தன் தோள்பையை இறுக்கிப் பிடித்தார்.

"காலைத் தூக்குங்க."

ஏட்டு அவருடைய செருப்பைக் கழற்றித் திருப்பினார். குதிகால் பக்கம் தேய்ந்திருந்தது. தேய்ந்த பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் சிமென்ட் தூசி.

டெசிமல் சார் அந்தச் செருப்பையே பார்த்தார். பேசியபோது குரலில் அழுகை இல்லை. ஆத்திரம்தான் இருந்தது.

"நான் சொல்லிக்கொடுத்தது மேடம். அவனுக்கும் நான்தான், இவளுக்கும் நான்தான். என் நோட்ஸ், என் கணக்கு, என் குறுக்கு வழி. எல்லாத்தையும் ஊர்ப் பிள்ளைகளுக்கு அள்ளிக் கொடுத்தேன். கடைசியில என் பொண்ணு கோட்டுக்குக் கீழ. அரை மார்க் மேடம். அந்த அரை மார்க்கை அவங்களுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்."

"அதனால?"

"ரெண்டு பேர் ஒதுங்கணும். ஒருத்தன் விழுந்தா, இன்னொருத்தி மாட்டணும். அதுக்குத்தான் இறங்கறப்போ அவன் பையை இவ இடத்துல போட்டேன். கணக்கு சரியா வந்துச்சு. பையனைக் கீழ பார்த்தேன். 'நான் மேல போறேன், பின்னாடியே வாடா, பேசலாம்'னேன். நான் கூப்பிட்டா எங்க வேணா வருவான். வந்தான். வர்றப்பவே 'சார், உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும், திட்டக் கூடாது'ன்னு ஆரம்பிச்சான். நான் சொல்ல விடலை."

நாற்பத்தொன்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் அடிக்கக் கையை ஓங்கினார். ஏட்டு இருமினார். கை இறங்கியது.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே போர்டுல என் நம்பரும் கோட்டுக்குக் கீழதான் சார் இருந்துச்சு. எனக்கும் எரிஞ்சுது. இப்பவும் எரியுது. நான் யாரையும் பிடிச்சுத் தள்ளலை."

அப்போது ஜன்னல் கதவு 'சரக்'கென்று திறந்தது. மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு ஒரு கிளார்க் எட்டிப் பார்த்தார்.

"என்னங்க இங்க சத்தம்? நாற்பத்தொண்ணாவது ரேங்க் யாராவது வந்திருக்காங்களா?"

"நான்தான் சார்."

"ஏம்மா, காலையிலேர்ந்து எங்க போன? ஒன்பது மணிக்கே மெயில் அனுப்பியாச்சு. இடம் கிடைச்சிடுச்சு, வந்து கையெழுத்து போடுன்னு. மணி என்ன இப்போ?"

அவள் தன் பட்டன் போனைப் பார்த்தாள். அதில் மெயில் எங்கே வரும்?

இன்ஸ்பெக்டர் ஜன்னலை நெருங்கினார். "ஒன்பது மணிக்கா? பையன் விழுந்ததே ஒன்பதரைக்குத்தானே?"

"எந்தப் பையன்?"

"நாற்பதாவது பையன்."

கிளார்க் கண்ணாடியை இறக்கினார். "அந்தத் தம்பியா விழுந்தது? எதிர்ல யாரோ விழுந்துட்டாங்கன்னாங்க, ரேங்க் சொல்லலையே. அவன் எட்டே முக்காலுக்கே இங்க வந்து, சீட் வேணாம்னு எழுதிக் கொடுத்துட்டு சர்டிபிகேட்டை வாங்கிட்டுப் போயிட்டானே."

"வேணாம்னா? ஏன்?"

"நானும் அதையேதான் கேட்டேன். ஐயாயிரம் பேர் மோதுற சீட்டை ஏன்டா விடுறேன்னு. 'ரெண்டு வருஷமா நான் சரியாத் தூங்கவே இல்ல சார். கொஞ்ச நாள் தூங்கணும்'னான். டியூஷன் சார்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் பயமா இருக்குன்னான்."

இன்ஸ்பெக்டர் ஜன்னல் கம்பியைப் பிடித்தார்.

"இதை ஏன் போலீஸ்கிட்ட சொல்லலை?"

"யாரும் என்னைக் கேக்கலையே மேடம்." கிளார்க் பட்டியலைப் புரட்டினார். "பதினேழாவது ரேங்க் நேத்து சாயங்காலமே வேற யுனிவர்சிட்டிக்குப் போயிடுச்சு. ஆக மொத்தம் ரெண்டு இடம். ரெண்டு மெயில். நாற்பத்தொண்ணுக்கு ஒண்ணு... நாற்பத்திரண்டுக்கு ஒண்ணு. அந்த நாற்பத்திரண்டு எங்க?"

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் தலை மெல்ல நிமிர்ந்தது.

"அப்பா!"

வாசலில் ஒரு பெண். தலை கலைந்திருந்தது. ஓடி வந்த மூச்சு வாங்கியது.

"எங்கேப்பா போனீங்க? காலையில ஒன்பது மணியிலேர்ந்து போன் பண்றேன். சீட் கிடைச்சிடுச்சுப்பா. என் சர்டிபிகேட் எல்லாம் உங்க பையிலதானே இருக்கு. சென்டருக்குப் போனா பூட்டியிருக்கு. உள்ள போன் மட்டும் அதிர்ந்துக்கிட்டே இருந்துச்சு. எப்படியும் வருவீங்கன்னு வாசல்லயே உக்காந்திருந்துட்டு, அஞ்சு மணி ஆயிடுமேன்னு ஓடி வரேன்ப்பா..."

அப்போதுதான் அவள் ஏட்டைப் பார்த்தாள். அப்பாவின் வெறும் காலைப் பார்த்தாள்.

"என்னப்பா ஆச்சு?"

டெசிமல் சார் வெறும் காலைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டார். 

இன்ஸ்பெக்டர் அவருடைய தோள்பையைப் பிடுங்கி, அதிலிருந்த கோப்பை எடுத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தார். குரல் கடுமையாகத்தான் வந்தது.

"மணி நாலு ஐம்பத்தொண்ணு. முதல்ல போய்க் கையெழுத்து போடு. அப்புறம் அழு. உன் மேல ஒரு தப்பும் இல்ல."

அவள் நகரவில்லை. நாற்பத்தொன்றுதான் வந்து அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துப் போனாள்.

இரண்டு கையெழுத்து. இரண்டு முத்திரை. ஐந்து மணிக்கு ஜன்னல் மூடியது. வெளியே நோட்டீஸ் போர்டில் நாற்பது இடமும் நிரம்பிவிட்டதாக ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார் கிளார்க். செத்தவனின் எண்ணை அவர் நீலப் பேனாவால் அடித்திருந்தார். பேனா மை சரியாக இறங்காமல் இரண்டு தடவை அடித்திருந்தார்.

ஜீப்பில் ஏறும்போது டெசிமல் சார் திரும்பிப் பார்த்தார்.

"மேடம்... நான் சும்மா இருந்திருந்தா, அவ இந்நேரம்..."

"காலையிலேயே சேர்ந்திருப்பா. பையன் வீட்டுல தூங்கிட்டிருப்பான். ஏறுங்க."

"எனக்கு... என்ன ஆகும் மேடம்?"

இன்ஸ்பெக்டர் கதவை அடித்துச் சாத்தினார்.

"உங்களுக்கும் அட்மிஷன்தான் சார். போட்டியே கிடையாது. அங்க கட்-ஆஃப் ரொம்பக் கம்மி... ஒரே ஒரு கொலை போதும்."